புகையில்லாப் புகையிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல் மருத்துவர். சிறிய ஊரில் மருத்துவமனை நடத்துகிறேன். பல்வலி என்று வருபவர்கள் புகையிலையைப் பற்றித் தாமாகச் சொல்வதில்லை. கறையைப் பார்த்து நான் கேட்டால், "எப்போதாவது ஒரு தடவைதான், டாக்டர்" என்பார்கள். பேச்சு அங்கே தொடங்கிவிட்டால் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். வாய்ப் புற்றுநோய் கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் வருவது. பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன்பே அடையாளம் காட்டிவிடுவது. அப்படிப்பட்ட நோய்க்குத் தாடையையும் நாக்கையும் பறிகொடுத்துவிட்டு மனிதர்கள் வந்து நிற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

புகையில்லாப் புகையிலை என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

கொளுத்தாமல் வாயிலோ மூக்கிலோ வைத்துக்கொள்ளும் எல்லாப் புகையிலையும் இதில் அடங்கும். வெற்றிலையோடு போடும் காம்புப் புகையிலை, பன்னீர்ப் புகையிலை, ஜர்தா, உள்ளங்கையில் சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கி உதட்டுக்குள் அதக்கும் ஹான்ஸ், கைனி, சீவல் பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த மாவா, குட்கா, சின்னஞ்சிறு பை போல வரும் கூல் லிப், மூக்குப்பொடி, எல்லாமே. பெயரும் வாசனையும் விலையும் மாறினாலும் உள்ளே இருக்கும் இலை ஒன்றுதான்.

இந்தியாவில் 2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் இந்த வகைப் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் நூற்றுக்கு 11 பேருக்கும் குறைவு. தமிழ்நாட்டில் மட்டும் பார்த்தால் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துபவர்கள் 10.6 சதவீதம். புகையிலை என்றதும் சிகரெட்தான் பலரின் நினைவுக்கு வருகிறது. ஆனால் நாட்டில் அதிகம் புழங்குவது மெல்லும் புகையிலைதான்.

புகை இல்லையே. நுரையீரலுக்குள் எதுவும் போவதில்லை. சிகரெட்டைவிட இது நல்லதுதானே?

நுரையீரலுக்குப் புகை போகாது என்பது உண்மை. அதற்குப் பதிலாக வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் அடி வாங்குகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையில்லாப் புகையிலையை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமின்றி உறுதியானவற்றை மட்டுமே அந்த வகுப்பில் சேர்ப்பார்கள். வாய், உணவுக்குழாய், கணையம் ஆகிய மூன்று இடங்களில் இது புற்றுநோய் உண்டாக்குகிறது என்பது அவர்களின் முடிவு.

இந்த இலையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருட்கள் குறைந்தது இருபத்தெட்டு இருக்கின்றன. அவற்றில் மிகக் கொடியவை நைட்ரோசமைன்கள். இலையைப் பதப்படுத்தும்போதும் புளிக்கவைக்கும்போதும் சேமிப்பில் கிடக்கும்போதும் அவை உருவாகின்றன. நெருப்பு இல்லாமலேயே உருவாகிவிடுவதால், புகை இல்லை என்று சொல்லி இவற்றிடமிருந்து தப்ப முடியாது. இவை போதாதென்று ஈயம், காட்மியம், ஆர்சனிக் போன்றவையும் இருக்கின்றன.

நான் சாற்றை விழுங்குவதே இல்லை. துப்பிவிடுகிறேன். அப்படியும் உடம்பில் சேருமா?

சேரும். நிக்கோடின் உடம்புக்குள் போக வயிறு தேவையில்லை. கன்னத்தின் உட்புறத் தோல் மிக மெல்லியது, அதன் கீழே இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அந்த வழியே நேராக இரத்தத்தில் கலந்துவிடும்.

இதில் சுண்ணாம்பின் பங்கைக் கவனிக்க வேண்டும். ஒருவர் உள்ளங்கையில் ஹான்ஸைக் கொட்டி, நகத்தால் சுண்ணாம்பைக் கிள்ளி வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, தட்டித் தூசியை ஊதிவிட்டுக் கீழுதட்டுக்குள் வைக்கிறார். காரத்துக்காகச் செய்வதாக அவர் நினைக்கிறார். உண்மையில் சுண்ணாம்பின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை), இலையில் பிணைந்திருக்கும் நிக்கோடினைப் பிரித்து, தோல் வழியே எளிதாக ஊடுருவும் வடிவத்துக்கு மாற்றுகிறது. கிறுகிறுப்பு உடனே ஏறுவது அதனால்தான். கூடவே சுண்ணாம்பு அந்த இடத்துத் தோலையும் புண்ணாக்கிவிடுகிறது. புண்ணான இடத்தில் நைட்ரோசமைன்கள் இறங்குவது இன்னும் எளிது.

சிகரெட்டில் நிக்கோடின் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். வாயில் அதக்கிய புகையிலையில் மெதுவாக ஏறி நெடுநேரம் தங்கும். நாள் முழுதும் வாயில் வைத்திருப்பவரின் இரத்தத்தில் நாள் முழுதும் நிக்கோடின் இருக்கிறது. இரவு தூங்கும்போதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தூங்குபவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

புற்றுநோய் வாயில் எந்த இடத்தில் வரும்?

பெரும்பாலும் புகையிலையை எங்கே வைக்கிறீர்களோ அங்கே. இடது கன்னத்தில் ஒதுக்குபவருக்கு இடது கன்னத்திலும் கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்திலும், கீழுதட்டில் வைப்பவருக்கு உதட்டின் உட்புறத்திலும் முதலில் மாற்றம் தெரிகிறது. நாக்கின் ஓரத்திலும் நாக்குக்கு அடியிலும்கூட வரலாம். சாறு தேங்குமிடம் அது.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,43,000 பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் வந்ததாகவும், சுமார் 80,000 பேர் அதில் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடத்தில் இருக்கிறது. அதே ஆண்டில் உலகம் முழுவதும் புகையில்லாப் புகையிலையாலும் பாக்காலும் வந்த வாய்ப் புற்றுநோய்களைத் தனியே கணக்கிட்டார்கள். சுமார் 1,20,000 பேர். அதில் 83,000க்கு மேல் இந்தியர்கள். இவர்களில் யாருக்கும் இந்த நோய் வந்தே தீர வேண்டும் என்று இல்லை.

எங்கள் அப்பத்தா எண்பத்தைந்து வயது வரை புகையிலை போட்டார். ஒன்றும் ஆகவில்லையே?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத குடும்பம் குறைவு. உங்கள் அப்பத்தாவுக்கு ஒன்றும் ஆகாமல் போனதில் எனக்கும் மகிழ்ச்சிதான். புகையிலை போடுகிற எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. வருபவர் யார், வராதவர் யார் என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லும் சோதனை எதுவும் மருத்துவத்தில் இல்லை. அதனால் ஒருவர் தப்பியதை வைத்து அடுத்தவருக்கு உறுதி சொல்ல முடியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பலர் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையோடு ஒரு துண்டு காம்பு கிள்ளிப் போட்டவர்கள். இன்று சட்டைப் பையில் பொட்டலம் இருக்கிறது. லாரி ஓட்டும்போது ஒன்று, கட்டட வேலையில் கலவை போடும்போது ஒன்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒன்று. தொடங்கும் வயதும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டது. பதினைந்து வயதில் தொடங்குபவனுக்கு நாற்பதாவது வயதிலேயே கால் நூற்றாண்டுப் பழக்கம் ஆகிவிடுகிறது.

பாட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் முழு உண்மையல்ல. "வாயில் புண் வந்து, சாப்பிட முடியாமல் மெலிந்து போனார்" என்று பழைய சாவுகளைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு அன்று யாரும் பெயர் வைக்கவில்லை.

புகையிலையே இல்லாமல் வெறும் பாக்கு, பான் மசாலா மட்டும் போட்டால்?

பாக்கும் அதே முதல் வகுப்பில் இருக்கிறது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று அந்தப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2003இல் கூடி முடிவு செய்தது. கல்யாண வீட்டில் ஒரு நாள் தாம்பூலம் போட்டவர் பதற வேண்டியதில்லை. நான் சொல்வது தினமும் மெல்லுகிறவர்களை.

பாக்கு தனியாகவே செய்யும் கேடு ஒன்று உண்டு. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. மென்மையாக இருக்க வேண்டிய தசையும் தோலும் கயிறு கயிறாகத் தடித்து இறுகிப் போகின்றன. மருத்துவத்தில் இதை சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்கிறோம். முதல் அறிகுறி எரிச்சல். "முன்பெல்லாம் காரமாகச் சாப்பிடுவேன், இப்போது ரசம் பட்டாலே எரிகிறது" என்பார்கள். அடுத்து கன்னத்தின் உட்புறம் வெளுக்கும். பிறகு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க மறுக்கும்.

உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு மூன்றும் நுழையும். இரண்டுதான் நுழைகிறது என்றால் பல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஒரு விரலும் நுழையாத நிலையில் வந்த இளைஞர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். இருபது வயதுகளில் இருந்தார். இட்லியைப் பிட்டுத் தட்டையாக்கி, பல் இடுக்கு வழியே உள்ளே தள்ளித்தான் சாப்பிட்டார். உள்ளே பல் சொத்தையாகி வலித்தது. அதைப் பிடுங்கக்கூடக் கருவி நுழையவில்லை. குட்காவும் பான் மசாலாவும் போடுபவர்களுக்கு, வெற்றிலைப் பாக்கு போடுபவர்களைவிட விரைவாகவே இந்த இறுக்கம் வந்துவிடுகிறது.

பழக்கத்தை விட்டால் இறுக்கம் மேலும் கூடாமல் தடுக்கலாம். பயிற்சி, ஊசி, அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. இந்த நோய் உள்ளவர்களைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இந்திய ஆய்வு ஒன்றில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பேருக்குப் பிற்பாடு புற்றுநோய் வந்தது.

என் வாயை நானே எப்படிப் பார்த்துக்கொள்வது?

இதைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள், அல்லது செல்போன் விளக்கை வைத்துக்கொள்ளுங்கள். கையைக் கழுவி, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுத் தொடங்குங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

முதலில் கீழுதட்டையும் மேலுதட்டையும் மடித்துப் பார்க்க வேண்டும். அடுத்து, கன்னத்தை விரலால் வெளியே இழுத்து, புகையிலை ஒதுக்கும் பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். அந்த இடத்தை விரல் நுனியால் தடவுங்கள். சொரசொரப்போ, கட்டியோ, தோல் சுருங்கிய தடிப்போ தட்டுப்படுகிறதா? நாக்கை வெளியே நீட்டி ஒரு துணியால் நுனியைப் பிடித்து, இடமும் வலமுமாகத் திருப்பி ஓரங்களைப் பாருங்கள். நாக்கை அண்ணத்தில் ஒட்டி அடிப்பகுதியைப் பாருங்கள். தலையை அண்ணாந்து மேலண்ணம். கடைசியாகத் தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் தடவி, நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை செய்தால் உங்கள் வாய் உங்களுக்கே பழகிவிடும். புதிதாக ஒன்று வந்தால் தெரிந்துவிடும்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், பல் பிடுங்கி வெகுநாள் ஆகியும் மூடாத குழி, சரியாகப் பொருந்திக்கொண்டிருந்த பல்செட் திடீரென்று பொருந்தாமை, நாக்கு அல்லது உதட்டில் மரமரப்பு, விழுங்கும்போது ஒரு பக்கக் காதில் வலி. இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். "வலி இல்லை, அதனால் வரவில்லை" என்று பலர் சொல்கிறார்கள். தொடக்கத்தில் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும் வரை காத்திருப்பதுதான் நாம் தோற்கும் இடம்.

வெறும் கண்ணால் பார்ப்பது பலன் தருமா என்று ஐயம் இருந்தால் கேரளத்தைப் பாருங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயை விளக்கடித்துப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவுகள் 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது. பெரிய கருவி எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் அது.

வெள்ளைத் திட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அது புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. அது எச்சரிக்கை. லூக்கோபிளேக்கியா எனப்படும் வெண்படலங்களில் ஒரு பகுதி மட்டுமே நாளடைவில் புற்றாக மாறுகிறது. செம்படலமும், வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டும் அதைவிட ஆபத்தானவை. பார்த்தவுடன் உறுதியாகச் சொல்ல முடியாததால் சிறு துணுக்கு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். பயாப்ஸி எடுத்தால், கத்தி பட்டால், புற்று பரவிவிடும் என்ற பயம் ஊர்களில் ஆழமாக வேரூன்றி இருக்கிறது. அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் அதை நம்பி மாதக்கணக்கில் பச்சிலை கட்டிக்கொண்டிருந்துவிட்டு வந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

புகையிலையை விட்ட சில வாரங்களில் தானாகவே மறைந்துபோகும் படலங்களும் உண்டு.

வாயைத் தவிர வேறு என்ன செய்யும்?

நிக்கோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. 52 நாடுகளில் நடந்து 2006இல் வெளியான மாரடைப்பு ஆய்வில், புகையிலை மெல்லுபவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு இருமடங்குக்கும் மேல் இருந்தது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கன்னத்தில் புகையிலையை ஒதுக்குபவர்கள், மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஈறு இறங்கி வேர் தெரிவது, பல் தேய்ந்து மொட்டையாவது, கூச்சம், வாய் நாற்றம் இவையெல்லாம் நான் அன்றாடம் பார்ப்பவை. புகையிலையோடு மதுவும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய் ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக ஏறும்.

கர்ப்பமாக இருக்கும் பெண் வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை போடலாமா? மசக்கைக்கு நல்லது என்கிறார்களே.

போடவே கூடாது. நிக்கோடின் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. மும்பையில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைவாகப் பிறந்தன. குறைப்பிரசவமும் கூடுதல். குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்தும் அதிகம் என்று அதே குழுவினர் பிறகு கண்டார்கள்.

நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள், பசி தெரியாமல் இருக்கவும் இடுப்புவலி மறக்கவும் புகையிலை போடுகிறார்கள். அவர்களிடம் குற்றம் சொல்லும் குரலில் பேசினால் அடுத்த முறை மருத்துவமனைக்கே வரமாட்டார்கள். மாமியாரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசிப் பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளையின் எடை என்றதும் கேட்டுக்கொள்கிறார்கள். மசக்கைக்கு எலுமிச்சை, சிறிது சிறிதாகச் சாப்பிடுவது, மருத்துவர் தரும் மாத்திரை என்று வேறு வழிகள் இருக்கின்றன.

பல்வலிக்குப் புகையிலை வைத்தால் கேட்கிறதே? காலையில் போடாவிட்டால் வயிறு சுத்தமாவதில்லையே?

புகையிலை அந்த இடத்தைச் சற்று மரக்கச் செய்யும். சொத்தை அப்படியே உள்ளே வளரும். பலர் இந்தப் பழக்கத்துக்குள் வந்ததே ஒரு பல்வலி வழியாகத்தான். வலி போன பிறகும் புகையிலை போகவில்லை. புகையிலை கலந்த பல்பொடிக்கும் பற்பசைக்கும் 1992இலேயே நாட்டில் தடை வந்துவிட்டது.

வயிற்று விஷயமும் உண்மைதான். நிக்கோடின் குடலைத் தூண்டுகிறது. பழகிய குடல் அதை எதிர்பார்க்கிறது. விட்டபின் ஓரிரு வாரம் மலச்சிக்கல் இருக்கும். காலையில் வெந்நீர், கீரை, கொய்யா, வாழைப்பழம், கொஞ்சம் நடை. பிறகு பழைய ஒழுங்குக்கு வந்துவிடும்.

மூக்குப்பொடி?

அதிலும் நிக்கோடினும் நைட்ரோசமைன்களும் இருக்கின்றன. பழக்க அடிமைத்தனம் அப்படியே உண்டு. அதையே பல்லில் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், வாய்க்கு அது மெல்லும் புகையிலைதான்.

ஸ்வீடனில் ஸ்னஸ் என்ற ஒன்றை உதட்டில் வைக்கிறார்கள், அங்கே வாய்ப் புற்றுநோய் அதிகமில்லை என்று படித்தேன். அப்படியானால் நம் ஊர்ப் பையும் அதே போலத்தானே?

இல்லை. ஸ்வீடனில் இலையைப் புளிக்கவைக்காமல் நீராவியில் சூடாக்கிப் பதப்படுத்தி, குளிரில் வைத்து விற்கிறார்கள். அதனால் நைட்ரோசமைன் அளவு குறைவு. பாக்கு கிடையாது. கர்ப்பிணிகளுக்கு அதுவும் கேடுதான், அதை விடுவதும் கடினம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளில் அதை விற்க 1992 முதல் தடை இருக்கிறது. நம் ஊரில் விற்கும் பொட்டலம் அந்த முறையில் தயாரானதல்ல. உறைமீது நவீனமான பை வடிவம் இருப்பதால் உள்ளே இருப்பதும் மாறிவிடாது.

புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். நான் போடுவதில்லை. எனக்கும் ஆபத்தா?

திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கேட்பது இது. பனியோ மழையோ நனைத்த பச்சை இலையை வெறுங்கையால் பறித்தால் தோல் வழியே நிக்கோடின் ஏறும். தலைசுற்றல், வாந்தி, வயிற்றுப்பிசைவு வரும். நீளக்கைச் சட்டை, கையுறை போடுங்கள், ஈரம் காய்ந்தபின் பறியுங்கள், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

விட முடியுமா? பலமுறை விட்டுப் பார்த்தும் முடியவில்லை.

முடியும். பலமுறை விட்டுப் பார்த்தவர்தான் கடைசியில் விடுகிறார். தோற்ற முயற்சி ஒவ்வொன்றும், எங்கே சறுக்குகிறோம் என்று காட்டிக்கொடுக்கிறது.

விடும் நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாட்கள் கடினமானவை. எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, கவனம் சிதறுதல், எதிலும் பிடிப்பின்மை. இவை இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணிந்துவிடும். "போட்டே ஆக வேண்டும்" என்று எழும் வேகம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். கடல் அலை போல எழுந்து, உச்சிக்கு வந்து, தானே இறங்கும். அந்தச் சில நிமிடங்களைக் கடக்கத்தான் ஏற்பாடு வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாகக் குடிப்பது, ஆழமாக மூச்சு விடுவது, இடத்தை விட்டு நகர்வது. வாய் எதையாவது மெல்லக் கேட்கும். சோம்பு, ஏலக்காய், கிராம்பு, நெல்லிக்காய் துண்டு, வறுத்த கடலை, உங்களுக்குப் பிடித்தது எதுவோ அது. பாக்கு மட்டும் வேண்டாம். "ஹான்ஸை விட்டுவிட்டேன், இப்போது வெறும் பாக்குத்தான்" என்று பெருமையோடு சொன்னவர்களிடம் வருத்தத்தோடு மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டிலும் வண்டியிலும் உள்ள கடைசிப் பொட்டலத்தையும் எறிந்துவிட வேண்டும். அவசரத்துக்கு என்று ஒன்றை வைத்திருப்பவர் அந்த அவசரத்தைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார். கூட்டாளிகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் புகையிலை கையிலிருந்து கைக்கு மாறும் பொருள். நீட்டினால் மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். "டாக்டர் கூடாது என்றுவிட்டார்" என்று என்மீது பழியைப் போடுங்கள்.

உதவிக்கு 1800-11-2356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது. புகையிலைப் பொட்டலங்களிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதல் புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் மையம் இயங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்தவர்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தத்தோடு வாய்ப் பரிசோதனையும் உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிக்கோடின் சூயிங்கம் மென்றால் அதுவும் நிக்கோடின்தானே?

நிக்கோடின்தான். ஆனால் நைட்ரோசமைன் மூட்டையும் சுண்ணாம்பும் பாக்கும் அதில் இல்லை. சில வாரங்களில் அளவைக் குறைத்து நிறுத்திவிடத்தான் அது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவுகளில் வருகிறது. எது வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சாதாரண மிட்டாய் போலத் தொடர்ந்து மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். காபி குடித்தவுடன் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. கால் மணி நேரம் விடுங்கள். வாய் இறுகியவர்களுக்கு மெல்லுவது சிரமம் என்பதால், தோலில் ஒட்டும் பட்டை பொருத்தமாக இருக்கலாம். மாத்திரைகளும் இருக்கின்றன. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் இவை எதையும் தாமாகத் தொடங்க வேண்டாம்.

இருபது வருடமாகப் போடுகிறேன். இனி விட்டு என்ன பயன்?

இரத்த அழுத்தமும் நாடியும் சில நாட்களிலேயே சீரடையத் தொடங்கும். சில வாரங்களில் ஈறின் வீக்கம் குறையும், சுவை திரும்பும். புற்றுநோய் ஆபத்து ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றவர்கூட விட்டாக வேண்டும். விடாதவருக்கு வாயில் இன்னொரு இடத்தில் மீண்டும் வரும் ஆபத்து அதிகம். விட்டவர்களும் வாயைப் பார்த்துக்கொள்வதை நிறுத்தக் கூடாது.

என் மகனின் பள்ளிப் பையில் கூல் லிப் பொட்டலம் கிடைத்தது. என்ன செய்வது?

அடிக்காதீர்கள். அடித்தால் பொட்டலம் வேறிடத்துக்குப் போகும், பழக்கம் போகாது. யார் கொடுத்தார்கள், எங்கே வாங்கினான், ஒரு நாளைக்கு எத்தனை என்று நிதானமாகக் கேளுங்கள். அவன் வாயை விளக்கடித்துப் பாருங்கள். பை வைக்கும் இடத்தில் ஈறும் உதடும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அதைக் கண்ணாடியில் அவனுக்கே காட்டுங்கள். இருபது வருடம் கழித்து வரும் புற்றுநோயைப் பற்றிச் சொன்னால் பதினான்கு வயதுப் பையன் மனதில் ஏறாது. தன் உதட்டில் இன்று தெரியும் வெள்ளைச் சுருக்கம் ஏறுகிறது. பிறகு பல் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சிறுவர்களுக்குப் புகையிலை கொடுப்பவருக்கு, இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா, புகையிலை கலந்த பான் மசாலாவுக்குத் தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்படுகிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. பள்ளி மாணவர்களிடையே கூல் லிப் பரவுவது குறித்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் கடும் கவலை தெரிவித்தது.

தடை இருந்தும் பெட்டிக்கடைகளில் டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். கடையின் பெயர், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். தலைமை ஆசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கொடுத்தால் நடவடிக்கை விரைவாகிறது. புகாரின் நகலில் பெற்ற தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.